பையன் பிடிவாதக்காரன் இல்லை என்று பள்ளிக்கு எப்படிப் புரிய வைப்பது? (ஆஸ்பெர்கர், வயது 9)

நொய்யல்_அம்மா:
எல்லோருக்கும் வணக்கம். ஈரோட்டுப் பக்கம் இருக்கிறோம். பையன் நாலாம் வகுப்பு. சமீபத்தில் கோவையில் குழந்தை மனநல மருத்துவர் ஒருவரிடம் காட்டினோம். நிதானமாக உட்கார வைத்துப் பேசிப் பார்த்துவிட்டு, 'ஆட்டிசம் ஸ்பெக்ட்ரம், லெவல் 1' என்று எழுதிக் கொடுத்தார். முன்பு இதைத்தான் ஆஸ்பெர்கர் என்பார்கள் என்றும் சொன்னார்.

பேச்சில் குறையே கிடையாது. செய்தி வாசிப்பவர் மாதிரி முழு வாக்கியமாகப் பேசுவான். "தண்ணி குடும்மா" என்று கேட்க மாட்டான். "அம்மா, எனக்குத் தண்ணீர் வேண்டும்" என்பான். தெருப் பிள்ளைகள் அதற்கே சிரிக்கிறார்கள். ரயில் என்றால் உயிர். நீலகிரி எக்ஸ்பிரஸ் என்று நாம் சொல்லி வாய் மூடுவதற்குள் 12671 என்பான். ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போனால் எந்த எஞ்சின் ஈரோடு ஷெட், எது ராயபுரம் ஷெட் என்று பார்த்துச் சொல்லிக்கொண்டே இருப்பான்.

பிரச்சினை பள்ளியில்தான். ஆண்டு விழா ஒத்திகை என்று ஒரு நாள் திடீரென்று கணக்குப் பாடவேளையை எடுத்துவிட்டு, எல்லோரையும் வரிசையாக மைதானத்துக்குப் போகச் சொல்லியிருக்கிறார்கள். இவன் பெஞ்சுக்கு அடியில் புகுந்து காதைப் பொத்திக்கொண்டு கத்தியிருக்கிறான். மிஸ் கையைப் பிடித்து இழுக்க, கடித்துவிட்டான். "இனிமேல் இப்படிச் செய்ய மாட்டான் என்று எழுதிக் கொடுங்கள், இல்லையென்றால் டிசி வாங்கிக்கொள்ளுங்கள்" என்கிறார்கள். வீட்டில் மாமியார், "அவங்கப்பனும் சின்ன வயசுல இப்படித்தான், மீசை முளைச்சா சரியாயிடும்" என்கிறார். கொழுந்தனாரைக் கேட்டால் நாங்கள் செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டோமாம்.

பள்ளியில் என்ன சொல்லிப் புரிய வைப்பது? சர்ட்டிபிகேட் வாங்க வேண்டுமா? அவனிடமே இதைச் சொல்லலாமா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

ஊஞ்சல்:
சகோதரி, நான் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட், பிள்ளைகளின் அன்றாடச் செயல்பாடுகளுக்குப் பயிற்சி கொடுப்பவள். முதலில் அந்த ஒத்திகை நாளைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

அடம் வேறு, மெல்ட்டவுன் வேறு. அடம் பிடிக்கிற பிள்ளை ஓரக்கண்ணால் உங்களைப் பார்த்துக்கொண்டேதான் அழும். கேட்டது கிடைத்தால் நின்றுவிடும், பார்க்க ஆள் இல்லையென்றாலும் நின்றுவிடும். மெல்ட்டவுனில் அந்தக் கணக்கெல்லாம் ஓடாது. கேட்டதைக் கையில் கொடுத்தாலும் நிற்காது, ஏனென்றால் அவன் எதையும் கேட்கவே இல்லை. தாங்கும் அளவு முடிந்துபோய்விட்டது, அவ்வளவுதான். அந்த நிலையில் கையைப் பிடித்து இழுத்தால் கடிப்பது தற்காப்பு. மிஸ்ஸைக் குறை சொல்லவில்லை, அவருக்கு யாரும் சொல்லிக் கொடுத்திருக்க மாட்டார்கள்.

அந்த நேரத்தில் செய்ய வேண்டியது: பேச்சைக் குறைக்க வேண்டும். "என்னாச்சு, ஏன் இப்படிப் பண்றே" என்று கேட்கிற ஒவ்வொரு கேள்வியும் இன்னொரு சத்தம். தொடக்கூடாது. சுற்றி நிற்கிற பிள்ளைகளை நகர்த்த வேண்டும், அவனை நகர்த்தக் கூடாது. அடங்கிய பிறகு கொஞ்சம் தண்ணீர், கொஞ்சம் அமைதி. உடனே உட்கார வைத்து அறிவுரை சொன்னால் மறுபடி ஆரம்பிக்கும்.

இனி ஒரு நோட்டுப் போடுங்கள். எப்போது, எங்கே நடந்தது, அதற்கு முந்தின அரை மணி நேரத்தில் என்ன நடந்தது, எப்படி அடங்கியது. அந்த அரை மணி நேரம்தான் முக்கியம், ஆனால் யாரும் அதை எழுதுவதில்லை. கத்தினான், கடித்தான் என்று முடிவை மட்டும் டைரியில் எழுதி அனுப்புவார்கள். உங்கள் கதையில் எனக்குத் தெரிவதே மூன்று: பாடவேளை சொல்லாமல் மாறியது, வரிசையில் பிள்ளைகள் இடித்துக்கொண்டு நின்றிருப்பார்கள், மைதானத்தில் மைக் செட் போட்டிருப்பார்கள்.

ஒன்று கேட்கிறேன். பள்ளியில் பாத்ரூம் போகிறானா?

நொய்யல்_அம்மா:
போக மாட்டான். நாற்றம் என்பான். காலையில் வீட்டில் போனால் சாயங்காலம் வந்துதான். அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தண்ணீர் பாட்டிலும் அப்படியே திரும்பி வரும்.

ஊஞ்சல்:
நினைத்தேன். நாள் முழுக்க அடக்கிக்கொண்டு, தண்ணீரும் குடிக்காமல் உட்கார்ந்திருக்கிற பிள்ளைக்கு மதியத்துக்கு மேல் பொறுமை எங்கிருந்து வரும்? இந்தப் பிள்ளைகளில் சிலருக்குப் பசி, தாகம், மூத்திரம் முட்டுவது எதுவும் நேரத்துக்குத் தெரியாது. முற்றின பிறகுதான் தெரியும், அதுவும் எரிச்சலாகத்தான் வெளியே வரும். ஆசிரியர்கள் பாத்ரூமை, இடைவேளைக் கூட்டம் இல்லாத நேரத்தில் போக அனுமதி கேளுங்கள். மற்ற எதையும் விட முதலில் அதைக் கேளுங்கள்.

பழைய_வாத்தியார்:
36 வருடம் அரசு உதவி பெறும் பள்ளியில் வேலை பார்த்தவன். மனதில் பட்டதைச் சொல்கிறேன், கோபிக்க வேண்டாம். எங்கள் காலத்தில் இந்தப் பெயரெல்லாம் இல்லை. ஒரு வகுப்பில் 50 பிள்ளைகள். ஒருத்தன் காதைப் பொத்துவான், ஒருத்தன் சாக்பீஸ் தின்பான். ஒவ்வொருத்தனுக்கும் ஒரு சட்டம் போட்டால் பாடம் எப்போது நடத்துவது? கொஞ்சம் கண்டிப்பு இருந்தால் பிள்ளைகள் படிந்துவிடுவார்கள். இப்போது எல்லாவற்றுக்கும் ஒரு ஆங்கிலப் பெயர், ஒரு ரிப்போர்ட்.

தண்டவாளம்:
ஐயா, உங்கள் வகுப்பில் படிந்துபோன பையன்களில் ஒருத்தனாக நான் இருந்திருக்கலாம். எனக்கு 31 வயது, கோவையில் சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலை. இது ஆட்டிசம் என்று தெரிந்ததே 27 வயதில். கண்டிப்பால் நான் கற்றுக்கொண்டது ஒன்றுதான், வலிக்கும்போது முகத்தில் காட்டாமல் இருப்பது. பத்தாவது படிக்கும்போது தினமும் வீட்டுக்கு வந்து பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் உட்கார்ந்துகொள்வேன். பள்ளியில் கேட்டால் 'தங்கமான பையன்' என்பார்கள்.

அக்கா, உங்கள் பையன் தரப்பில் இருந்து கொஞ்சம் சொல்கிறேன். எல்லோருக்கும் இப்படியே இருக்காது, எனக்கு இப்படித்தான்.

வகுப்பில் நான்கு ஃபேன் ஓடும், அதில் ஒன்று கடகடவென்று அடிக்கும். உங்கள் காது கொஞ்ச நேரத்தில் அதை விட்டுவிடும். என் காது விடாது. ஃபேன், பக்கத்து வகுப்பு வாய்ப்பாடு, வெளியே போகிற காய்கறி வண்டியின் ரெக்கார்டிங், மிஸ் குரல், நாலும் ஒரே அளவில் கேட்கும். அதில் மிஸ் குரலை மட்டும் பொறுக்கி எடுப்பதே முழுநேர வேலை. முகத்தைப் பார்த்தால் கேட்பது போய்விடும். அதனால் தரையைப் பார்த்துக்கொண்டு கேட்பேன். "எங்கடா பாக்கறே" என்று அடி விழும்.

அப்புறம் நம் ஊர்ப் பேச்சு. தாமதமாகப் போனால், "வாங்க சார், சீக்கிரம் வந்துட்டீங்களே" என்பார்கள். நான் இல்லை சார், இருபது நிமிடம் லேட் என்று மணியைப் பார்த்துத் திருத்துவேன். வகுப்பே சிரிக்கும், திமிர் என்று முட்டி போட வைப்பார்கள். நிஜமாகவே அவருக்கு மணி தெரியவில்லை என்று நினைத்தேன்.

டேமியன் மில்ட்டன் என்று ஓர் ஆய்வாளர், அவரும் ஆட்டிசம் உள்ளவர். 2012இல் எழுதினார்: எங்களுக்கு உங்களைப் புரியவில்லை என்பது பாதிதான், உங்களுக்கும் எங்களைப் புரிவதில்லை, சிக்கல் இரண்டு பக்கமும் இருக்கிறது என்று. அதைப் படித்த அன்று நன்றாகத் தூங்கினேன்.

கடைசியாக ஒன்று. தண்டனையாக ரயிலை மட்டும் பிடுங்கிவிடாதீர்கள். அது அவனுக்கு மூச்சு விடுகிற இடம். கால அட்டவணையை வைத்தே கூட்டல் கழித்தல், ஊர்கள், நேரக் கணக்கு எல்லாம் சொல்லித் தரலாம். பெயர் பார்த்தால் தெரியுமே, நானும் அந்தக் கோஷ்டிதான். ஈரோடு ஷெட்டில் இப்போது டபிள்யூ.ஏ.பி.-7 எஞ்சின் நிறைய இருக்கிறது என்று அவனிடம் சொல்லுங்கள்.

நொய்யல்_அம்மா:
தம்பி, சொன்னேன். "அது எனக்கு முன்பே தெரியும். அவர் யார்?" என்று கேட்டான். இவ்வளவு நாளில் ஒரு ஆளைப் பற்றி அவனாகக் கேட்டது இப்போதுதான்.

மதுரைக்காரி:
எனக்குப் பெண், 15 வயது. அவளும் ஆஸ்பெர்கர் வகைதான். பெண் பிள்ளைகள் வைத்திருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால் தெரிந்துகொள்ளட்டும் என்று எழுதுகிறேன். அவள் பள்ளியில் ஒரு சத்தம் போட மாட்டாள். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பிள்ளை எப்போது சிரிக்கிறாள், எப்படித் தலையைச் சாய்க்கிறாள் என்று பார்த்து அப்படியே செய்வாள். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றியதும் வெடிப்பாள். "ஸ்கூல்ல நல்லாத்தானே இருக்கா, உங்க வீட்டுலதான் ஏதோ பிரச்சினை" என்று எங்களைத்தான் சந்தேகப்பட்டார்கள். இதனாலேயே பெண் பிள்ளைகளுக்குக் கண்டுபிடிப்பது தள்ளிப்போகிறது.

சொந்தக்காரர்கள் விஷயத்தில் ஒரு சின்ன யோசனை. கல்யாண வீட்டில் "நான் யாரு சொல்லு பாப்போம்" என்று கன்னத்தைக் கிள்ளுவார்களே, அது இந்தப் பிள்ளைகளுக்கு நரகம். நாங்கள் போவதற்கு முன் போட்டோ காட்டி, இவர் பெரியத்தை, இவர் சேலம் சித்தப்பா என்று சொல்லிக் கூட்டிப்போவோம். மேளம் ஆரம்பிக்கும்போது மாடிக்குப் போய்விடுவாள், முன்பே பேசி வைத்தது. 'வணக்கம்' சொன்னால் போதும், கட்டிப்பிடிக்க வேண்டியதில்லை என்பதும் ஒப்பந்தம். மாமியார்கள் முகம் தூக்குவார்கள். தூக்கட்டும்.

சந்தேகப்பேர்வழி:
குறுக்கே ஒரு கேள்வி. ஆஸ்பெர்கர் என்றால் ஆட்டிசமா, வேறா? மருத்துவர் ஏன் அந்தப் பெயரை எழுதாமல் வேறு எழுதினார்? லேசானது என்றால் அப்படியே விட்டுவிடலாம்தானே?

ஏட்டுச்சுரைக்காய்:
பெயர்க் கதையை நான் சொல்கிறேன். 1943இல் அமெரிக்காவில் லியோ கானர், அடுத்த வருடம் வியன்னாவில் ஹான்ஸ் ஆஸ்பெர்கர், இரண்டு பேரும் தனித்தனியாக இப்படிப்பட்ட பிள்ளைகளைப் பற்றி எழுதினார்கள். இவர்களுக்கெல்லாம் முன்பே 1920களில் மாஸ்கோவில் க்ருன்யா சுகரேவா என்ற பெண் மருத்துவர் கிட்டத்தட்ட இதையே எழுதிவிட்டார். வழக்கம்போல அவர் பெயர் வெளியே வரவில்லை. ஆஸ்பெர்கர் எழுதியது ஜெர்மனில் கிடந்தது. 1981இல் லண்டனில் லோர்னா விங் எடுத்துப் பேசிய பிறகுதான் 'ஆஸ்பெர்கர் சிண்ட்ரோம்' என்ற பெயர் பரவியது. அவருடைய மகளுக்கும் ஆட்டிசம். 1994இல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேட்டில் தனிப் பெயராக ஏறியது. 2013இல் வந்த ஐந்தாம் பதிப்பில் அதை எடுத்துவிட்டு எல்லாவற்றையும் ஆட்டிசம் ஸ்பெக்ட்ரம் என்ற ஒரே குடைக்குள் வைத்தார்கள். ஆஸ்பெர்கருக்கும் 'லேசான' ஆட்டிசத்துக்கும் நடுவில் உறுதியான கோடு கிழிக்க முடியவில்லை என்பது முக்கியக் காரணம். உலக சுகாதார நிறுவனத்தின் பட்டியலிலும் 2022 முதல் அப்படித்தான்.

இன்னொரு சங்கடமும் உண்டு. நாஜிகள் காலத்தில் குறைபாடுள்ள குழந்தைகளைக் கொன்ற ஆம் ஸ்பீகல்குருண்ட் என்ற இடத்துக்கு ஆஸ்பெர்கரே சில குழந்தைகளை அனுப்பியிருக்கிறார் என்று ஹெர்விக் செக் என்ற வரலாற்றாசிரியர் 2018இல் ஆவணங்களோடு எழுதினார். அதற்குப் பிறகு பலர் அந்தப் பெயரையே விரும்புவதில்லை. அந்தப் பெயரோடு வளர்ந்து, அது எனக்கு வேண்டும் என்பவர்களும் இருக்கிறார்கள்.

லெவல் 1 என்றால் உதவி தேவை என்று அர்த்தம். லேசு என்பது வெளியில் இருந்து பார்ப்பவருக்குத்தான்.

பழைய_வாத்தியார்:
படித்தேன். தம்பி தண்டவாளம் சொன்ன அந்த 'சீக்கிரம் வந்துட்டீங்களே' விஷயம் மனசில் நிற்கிறது. ஆனால் என் கேள்வி அப்படியேதான் இருக்கிறது. அந்த மிஸ்ஸுக்கு 20 பக்க ரிப்போர்ட்டைக் கொடுத்தால் படிக்க மாட்டார், நேரம் இல்லை. அரைப் பக்கத்தில், நாளைக் காலையில் இருந்து என்ன செய்ய வேண்டும் என்று எழுதிக் கொடுத்தால் செய்வார். மருத்துவப் பெயர் எல்லாம் அதில் வேண்டாம்.

மதுரைக்காரி:
வாத்தியார் சொன்னதுதான் சரியான வழி. என் பெண்ணுக்கு நான் எழுதிக் கொடுத்ததை உங்கள் பையனுக்கு ஏற்றபடி மாற்றிப் போடுகிறேன்:

'மதிப்புக்குரிய மிஸ், என் மகனுக்கு எதிர்பாராத மாற்றமும் பெரிய சத்தமும் தாங்க முடியாமல் போகிறது. பாடவேளை மாறுவதாக இருந்தால் முதல் நாளே, முடியாவிட்டால் பத்து நிமிடம் முன்னால் அவனிடம் தனியாகச் சொல்லிவிடுங்கள். பலகை ஓரத்தில் எழுதிப் போட்டால் இன்னும் நல்லது. "எல்லாரும் புக்கை மூடுங்க" என்றால் அதில் தானும் சேர்த்தி என்று அவனுக்குச் சில சமயம் தோன்றாது, பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். உங்கள் முகத்தைப் பார்க்காவிட்டாலும் கேட்டுக்கொண்டுதான் இருப்பான். ஃபேன் சத்தம் குறைவாக உள்ள இடத்தில், வரிசையின் ஓரத்தில் உட்கார வையுங்கள். காதைப் பொத்த ஆரம்பித்தால் தொடாமல், 'வெளியே போக வேண்டும்' என்பதற்கு அடையாளமாக அவனிடம் இருக்கும் மஞ்சள் அட்டையைக் காட்டச் சொல்லி, நூலகத்துக்கு அனுப்புங்கள், அடங்கியதும் அவனே வருவான். நகல் எழுதுவதில் கை சீக்கிரம் வலிக்கும், பாதி எழுதினால் போதும் என்று விட முடியுமா?'

இதை நேரில் கொடுங்கள், அந்த மிஸ்ஸிடமே. முதல்வர் வழியாகப் போனால் புகார் மாதிரி ஆகிவிடும். மஞ்சள் அட்டையை வீட்டில் சும்மா இருக்கும்போதே காட்டிப் பழக்குங்கள். கத்துகிற நேரத்தில் புதிதாக எதுவும் ஏறாது.

அட்டைப்பெட்டி:
சர்ட்டிபிகேட் பற்றி யாரும் சொல்லவில்லையே. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் ஆட்டிசம் ஒன்று. மாற்றுத்திறனைக் காரணம் காட்டிப் பள்ளியில் பாகுபாடு காட்டக்கூடாது என்பதும் அந்தச் சட்டத்தில் இருக்கிறது. ஸ்வாவ்லம்பன் என்ற அரசு இணையதளத்தில் யூ.டி.ஐ.டி. கார்டுக்கு (மாற்றுத்திறனாளி அடையாள அட்டை) விண்ணப்பித்தால் அரசு மருத்துவமனையில் மருத்துவர் குழுவான போர்டுக்குக் கூப்பிடுவார்கள். அங்கே இசா என்ற 40 கேள்விகள் கொண்ட இந்திய அளவுகோலில் மதிப்பெண் போடுவார்கள். 70க்குக் கீழே வந்தால் ஆட்டிசம் இல்லை என்று கணக்கு. நன்றாகப் பேசுகிற பிள்ளைகள் அங்கேதான் சிக்குவார்கள். டாக்டர் நாலு கேள்வி கேட்பார், இவன் 12671 என்று டாண் டாணென்று பதில் சொல்வான், "நல்லாத்தானே பேசறான்" என்பார்கள். ஊஞ்சல் போடச் சொன்ன நோட்டையும் பள்ளி டைரியையும் கையோடு எடுத்துப் போங்கள்.

கிடைப்பது என்ன? பொதுத் தேர்வில் கூடுதல் நேரம் (மூன்று மணி நேரத் தேர்வுக்கு ஒரு மணி நேரம்), தேவைப்பட்டால் சொல்வதை எழுதுபவர், மொழிப்பாட விலக்கு. மத்திய அரசின் நேஷனல் டிரஸ்ட் நடத்தும் நிரமயா மருத்துவக் காப்பீட்டில் வருடத்துக்கு ஒரு லட்சம் வரை, தெரபிச் செலவும் அதில் சேரும். பழைய வருமான வரி முறையில் இருந்தால் 75,000 கழிவு, ஆட்டிசத்துக்குத் தனிப் படிவம் வேண்டும்.

கொங்குத்தென்றல்:
ஏனுங்க, நாலாம் வகுப்புப் பையனுக்கு இப்பவே முத்திரை குத்தணுமா? நாளைக்குத் தங்கச்சிக்கு மாப்பிள்ளை பாக்கும்போது ஊர் என்ன பேசும்? பத்தாவது வர்றப்போ பாத்துக்கலாமே.

அட்டைப்பெட்டி:
பீரோவில் வைத்துக்கொள்ளலாம், நெற்றியில் ஒட்டிக்கொள்ளத் தேவையில்லை. பத்தாவது வரும்போது ஓடினால் போர்டு தேதி கிடைப்பதற்குள் தேர்வு முடிந்துவிடும்.

கொங்குத்தென்றல்:
உங்களுக்கு அப்படித் தோணுது. எங்க குடும்பத்துல நடந்ததைப் பாத்தவ நான். அவங்கவங்க வீட்டு நிலைமையைப் பாத்துத்தான் முடிவு பண்ணோணும்.

வடலி:
வணக்கம், நான் யாழ்ப்பாணம், இப்ப லண்டனில. என்ர மகனுக்கும் இதுதான். இஞ்ச ஈ.எச்.சி.பி. எண்டு ஒரு திட்டம் இருக்கு, 2014ஆம் ஆண்டுச் சட்டத்தில வந்தது. பிள்ளைக்கு என்ன உதவி வேணும் எண்டு அதில எழுதினால் உள்ளூராட்சி அதைக் குடுத்தே ஆகவேணும், 25 வயது வரைக்கும் போகலாம். கேக்க நல்லா இருக்கும், எடுக்கிறதுக்குள்ள சீவன் போயிடும். நாங்கள் மேன்முறையீடு வரைக்கும் போனனாங்கள். தங்கச்சி, எந்த நாடு எண்டாலும் எல்லாத்தையும் எழுத்தில வாங்குங்கோ. வாயால சொன்னது அடுத்த வருசம் ரீச்சர் மாற எல்லாம் போயிடும்.

மட்டுறுத்துநர்:
ஸ்டெம் செல் சிகிச்சைக்கு ஆள் பிடிக்கும் பதிவு ஒன்றும் அதிலிருந்த தொலைபேசி எண்ணும் நீக்கப்பட்டன. ஆட்டிசத்துக்கு ஸ்டெம் செல் சிகிச்சையைப் பரிந்துரைப்பதில்லை என்று தேசிய மருத்துவ ஆணையத்தின் நெறிமுறைக் குழு 2022இலேயே சொல்லிவிட்டது. இந்த இழையில் இனி அந்த விளம்பரம் வந்தால் கணக்கு முடக்கப்படும்.

ஊஞ்சல்:
நன்றி. லட்சக்கணக்கில் கொட்டிவிட்டு எங்களிடம் வருகிற பெற்றோரைப் பார்த்துப் பார்த்து நொந்துவிட்டேன். ஆட்டிசத்தைப் போக்குகிற மருந்து எதுவும் கிடையாது. தூக்கமின்மை, பதற்றம், கவனச்சிதறல் என்று கூட ஏதாவது இருந்தால் அதற்கு மருத்துவர் மருந்து கொடுக்கலாம், அது வேறு.

தண்டவாளம்:
அவனிடம் சொல்லலாமா என்று கேட்டீர்களே அக்கா. சொல்லிவிடுங்கள். தான் மற்ற பிள்ளைகள் மாதிரி இல்லை என்பது அவனுக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும். எனக்கு ஏழு வயதிலேயே தெரியும். காரணம் தெரியாததால் நான் கெட்டவன், லூசு என்று நானே ஒரு பெயர் வைத்துக்கொண்டேன். பெரிய நாற்காலி போட்டு உட்கார வைத்துச் சொல்ல வேண்டாம். ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்போது, "உனக்குச் சத்தம் அதிகமாகக் கேட்கிறது, ரயில் எண் மறப்பதில்லை, திடீர் மாற்றம் கஷ்டம். இப்படி இருப்பவர்கள் நிறையப் பேர், இதற்கு ஆட்டிசம் என்று பெயர்" என்று சொன்னால் போதும். கேள்வி கேட்பான். உடனே இல்லாவிட்டாலும் அடுத்த வாரம் குளிக்கும்போது கேட்பான்.

நொய்யல்_அம்மா:
மிஸ்ஸைப் பார்த்துவிட்டு வந்தேன். அரைப் பக்கக் கடிதத்தைக் கொடுத்ததும் நின்றபடியே படித்தார். "இதை முன்னாடியே யாராவது சொல்லியிருக்கலாமே" என்றார். கையில் தழும்பு இன்னும் இருக்கிறது, பார்க்கவே கூச்சமாக இருந்தது. இடம் மாற்றிவிட்டார். பாடவேளை மாற்றத்தைப் பலகையில் எழுதுகிறார், அதில் மற்ற பிள்ளைகளுக்கும் சந்தோஷமாம். ஆசிரியர்கள் பாத்ரூமுக்குச் சரி சொல்லிவிட்டார்கள். நேற்று பாட்டில் காலியாக வந்தது.

மஞ்சள் அட்டைக்கு மட்டும் முதல்வர் ஒத்துக்கொள்ளவில்லை. "ஒருத்தனுக்குக் கொடுத்தால் எல்லோரும் கேட்பார்கள், நூலகத்தில் பார்த்துக்கொள்ள ஆளும் இல்லை" என்கிறார். எழுதிக் கொடுக்கச் சொன்ன உறுதிமொழிக் கடிதத்தையும் விடவில்லை. கார்டுக்கு விண்ணப்பித்துவிட்டோம், மாமியாருக்கு இன்னும் சொல்லவில்லை.

பழைய_வாத்தியார்:
அம்மா, 'இனி நடக்காது' என்று எழுதிக் கொடுக்காதீர்கள். நடக்கும். நடந்தால் அந்தக் காகிதத்தையே உங்கள் முன் நீட்டுவார்கள். அதற்குப் பதிலாக, நடந்தால் பள்ளி என்ன செய்ய வேண்டும், நீங்கள் எத்தனை நிமிடத்தில் வந்து நிற்பீர்கள் என்று எழுதிக் கொடுங்கள். மருத்துவர் சீட்டின் நகலை இணைத்து அலுவலகத்தில் கொடுத்து, உங்கள் நகலில் தேதியோடு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். நூலகத்தில் ஆள் இல்லையென்றால் அலுவலக வராந்தாவில் ஒரு நாற்காலி கேளுங்கள். அங்கே எப்போதும் ஒரு அட்டெண்டர் உட்கார்ந்திருப்பார், முதல்வர் மறுக்கக் காரணம் இருக்காது. கடிதத்தை எழுதியதும் இங்கே போடுங்கள், நான் திருத்தித் தருகிறேன்.